இடது ஸ்பீக்கரில் நாலு சுரம்

முதல் சரணம் முடிய நாலு வரிதான் பாக்கி, எபனேசர் இன்னும் முடிவு பண்ணவில்லை. விரல் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. விரலைப் பற்றிக் கவலையே இல்லை. இந்த மேடையில் நிற்கிற எட்டுப் பேரில் தாளம் நழுவாதவன் தான் ஒருத்தன்தான் என்று பதினேழு வயசிலேயே அவனுக்குத் தெரியும், டிரம்ஸ்காரர்கூடக் கொஞ்சம் முன்னால் ஓடுகிறார், அவரையும் சேர்த்து இவன் பேஸ் கித்தார்தான் இழுத்துப் பிடித்திருக்கிறது. பாடுகிறவர் டாக்டர் கலைவேந்தன், ஈரோட்டில் பல் டாக்டர். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிப் பாடுகிறார். அவருக்கென்ன. ரெக்கார்டில் எங்கே மூச்சு வாங்கியிருக்கிறதோ அங்கே தானும் வாங்கிவிட்டு இறங்கிப்போய்க் கேசரி சாப்பிடுவார். ரெக்கார்டில் உள்ளபடி. இங்கே சட்டம் அது ஒன்றுதான். மதுரவாணன் என்கிற இசையமைப்பாளர் போட்டது மொத்தம் இருபத்திரண்டு படம், ஓடியது மூன்று, மனுஷன் செத்தே முப்பது வருஷம் ஆகிறது. அவருடைய ரசிகர்கள் நானூறு பேர் வருஷத்துக்கு ஒரு சனி ஞாயிறு திருச்சியில் இந்தக் கல்யாண மண்டபத்தை எடுத்து, சனிக்கிழமை பூரா உட்கார்ந்து கேட்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை பூரா மேடையேறி வாசிக்கிறார்கள். பைத்தியங்கள். பாளையங்கோட்டையில் பஸ் ஏறும்போது அப்படித்தான் நினைத்தான். நேற்றுக் காலை பதினோரு மணிக்குள் அவனுக்கும் அது பிடித்துவிட்டது. ஏனென்றால் சர்ச்சில் அவன் வாசிக்கும்போது சபையார் வாட்சைப் பார்ப்பார்கள், தேர்தல் மேடையில் வாசித்தபோது ஆட்கள் பிரியாணி வண்டியைப் பார்த்தார்கள். இங்கே நானூறு பேர் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு, போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு, பேஸைக் கேட்டார்கள். பேஸை! பாட்டு முடிந்ததும் பக்கத்திலிருந்த ஒரு வழுக்கைத் தலைக்காரர் அவன் தொடையில் தட்டி, "தம்பி, ரெண்டாவது சரணத்துல பேஸு ஒரு படி எறங்குச்சு பாத்தீங்களா" என்று கேட்டார். இந்தக் கேள்வியைக் கேட்கக்கூடிய ஒரு மனுஷர் இந்த உலகத்தில் இருப்பார் என்றே அவன் நினைத்ததில்லை. அழுகை வந்துவிடும்போல இருந்தது, வரவில்லை, வந்திருந்தால் அசிங்கமாகப் போயிருக்கும்.

மூணாவது வரி. சரி, யோசி. யோசிக்க நேரம் இருக்கிறது, இந்தச் சரணத்தின் மிச்சம், அப்புறம் பல்லவி திரும்ப வரும், அப்புறம்தான் அந்த இடையிசை. ‘தாழம்பூ ரயிலே’ பாட்டின் இரண்டாவது இடையிசை. இந்த நானூறு பேரும் இங்கே கூடுவதற்குக் காரணமே அதுதான் என்றுகூடச் சொல்லலாம். வயலின்கள் கூட்டமாக மேலே ஏறும், கீழே பேஸும் டிரம்ஸும் ஓடும், எட்டாவது சுற்றின் கடைசியில் திடீரென்று பேஸும் டிரம்ஸும் காணாமல் போய்விடும். ரெண்டு பீட். ஒரு நொடிக்குக் கொஞ்சம் கூட. வயலின் மட்டும் அந்தரத்தில் நிற்கும். அப்புறம் எல்லாம் திரும்ப வந்து விழும். இதற்குப் பெயர் மதுரவாணன் மௌனம். கட்டுரை எழுதியிருக்கிறார்கள், மெய்தான், அச்சடித்து வாசலில் விற்கிறார்கள். அந்த வெற்றிடத்தைக் குறிக்க நெஞ்சில் ஒரு சின்ன வெறுங்கட்டம் போட்ட டீசர்ட்டை முக்கால்வாசிப் பேர் போட்டிருக்கிறார்கள். முன் வரிசையில் அப்பா மடியில் மஞ்சள் கவுனோடு உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் பெயர் மௌனிகா, அதுவும் இதனால்தான், அதை அந்த அப்பாவே காலை டிபனில் எபனேசரிடம் சொன்னார். அந்த ரெண்டு பீட் வரும்போது கூட்டம் மொத்தமும் வலது கையைத் தூக்கும். அது வழக்கம். நேற்றுக் காலை பெரிய ஸ்பீக்கரில் இந்தப் பாட்டைப் போட்டபோது முதல்முறையாகப் பார்த்தான். நானூறு கை. சத்தமே இல்லை. முடி சிலிர்த்தது. தானும் தூக்கினான், தூக்கிக்கொண்டே சுற்றிப் பார்த்தான், பார்க்கிற புத்தி அவனுக்கு உண்டு. அப்போதுதான் தெரிந்தது, கடைசி வரிசையில் ஒரு பெண் மட்டும் தூக்கவில்லை. ஐம்பது வயது இருக்கும், முக்காடு போட்டு, மடியில் கைப்பை. தூங்கவுமில்லை. நன்றாக விழித்துக்கொண்டு, கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

அவன் நேரே போய்க் கேட்டான். டீ குடிக்கிற இடத்தில். "எல்லாரும் தூக்குனாங்க, நீங்க ஏன் தூக்கல?" இப்படிக் கேட்கக் கூடாதுதான். அம்மா பக்கத்தில் இருந்திருந்தால் தொடையில் கிள்ளியிருப்பாள். அந்தப் பெண் அவனை மேலும் கீழும் பார்த்தார். "நீதானே நாளைக்கு பேஸ் வாசிக்கிற புள்ள?" என்றார். "ஆமா." "சாப்பாட்டு நேரத்துல மேல மணமகள் ரூமுக்கு வா. எல்லாரும் பந்திக்குப் போனப்பறம் வா." காரைக்கால் ஷஹ்னாஸ் அக்கா என்று அவரை எல்லாரும் சொன்னார்கள், பாங்கில் வேலை, முதல் வருஷத்திலிருந்து வருகிறவர், பழைய எல்.பி. தட்டுகளும் போடுகிற பெட்டியும் சொந்தமாகக் கொண்டுவந்து அந்த அறையில் கேட்க வைப்பவர். அறைச் சுவரில் பல்பு சுற்றிய பெரிய கண்ணாடி, அதில் எந்தெந்தக் கல்யாணத்துப் பெண்களோ ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டுகள், கீழே தட்டு சுற்றியது. "எங்க வாப்பா பினாங்குல வாங்குனது. படம் ஊத்திக்கிச்சு, தட்டு இங்க நாலஞ்சுதான் வந்துச்சு" என்றபடி ஊசியை வைத்தார். எபனேசர் இடது ஸ்பீக்கர் பக்கம் உட்கார்ந்திருந்தான், அங்கேதான் நாற்காலி கிடந்தது. எட்டாவது சுற்று வந்தது. கை பாதி தூக்கிவிட்டான். பேஸ் நிற்கவில்லை. நாலு சுரம், பி, ஏ, ஜி, எஃப் ஷார்ப், வயலின் மேலே ஏற ஏற இது கீழே ஒவ்வொரு படியாக இறங்கி வந்து, மாடியிலிருந்து ஒருத்தன் கையில் விளக்கோடு இறங்கி வருகிற மாதிரி வந்து, ஈ-யில் கால் வைத்தது. அவ்வளவுதான். "அக்கா, இன்னொரு தடவ." வைத்தார். "அக்கா." மறுபடியும் வைத்தார். மூணாவது தடவை காதை ஸ்பீக்கரோடு ஒட்டிக்கொண்டான். அடித்துச் சொல்லலாம். டிரம்ஸும் இருந்தது, பேஸும் இருந்தது, எங்கேயும் மௌனம் இல்லை. "கேட்டுருச்சா?" என்றார். "பதினேழு வருஷமா இந்தத் தட்டத் தூக்கிட்டு வரேன். நீ மூணாவது ஆளு." "மத்த ரெண்டு பேரு யாரு?" "ஒண்ணு எங்க வாப்பா. ஒண்ணு நான்." வேறு யாராவது இந்தப் பாட்டைக் கேட்டால் அந்தப் பக்கம் கீறல் என்று சொல்லிவிடுவாராம். "சொல்ல வேண்டியதுதானே" என்றான். அக்கா சிரித்தார். "சொன்னா? இந்த மௌனத்தப் பத்திச் சண்டை போட்டே ரெண்டு பேரு கல்யாணம் கட்டியிருக்காங்க. அந்தப் புள்ளைக்குப் பேரு மாத்தச் சொல்றியா? நீ வாசிக்கிறவன், ஒனக்குத் தெரியணும், அதனால போட்டேன். சொல்லாத." "பொய்தானே அக்கா இது." "சொல்லாதன்னா சொல்லாத. போ, போயிச் சாப்புடு, பாயசம் தீந்துரும்." அவன் தட்டின் உறையைத் திருப்பிப் பார்த்தான். இசை மதுரவாணன், பாடியவர் பெயர், பாட்டு எழுதியவர் பெயர், படம் எடுத்த கம்பெனியின் பெயர், அட்டை அச்சடித்த பிரஸ்ஸின் பெயர்கூட இருந்தது. பேஸ் வாசித்த ஆளின் பெயர் இல்லை.

சரணம் முடிந்தது. பல்லவி. கைத்தட்டல் கொஞ்சம், டாக்டர் சரியான இடத்தில் மூச்சு வாங்கிவிட்டார் போல. எபனேசர் ஈ-யில் நின்று ஜி-க்குப் போனான், தந்தி லேசாக ஈரமாக இருந்தது, உள்ளங்கை வியர்வை, பயமா, சே, ஏசி சரியில்லை. கதிரேசன் அண்ணாச்சி முன் வரிசையில் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். வெள்ளைச் சட்டைக்கு மேலே அந்தக் கட்டம் போட்ட டீசர்ட், மேலேதான், ஏன் அப்படிப் போட்டிருக்கிறார் என்று தெரியவில்லை. திருச்சிக்காரர்கள் அவரை அண்ணன் என்கிறார்கள், எபனேசர் தன் ஊர் வழக்கத்தில் அண்ணாச்சி என்றான், அதில் அவருக்கு ஒரு குஷி. இந்தக் கூட்டத்தை ஆரம்பித்தவர் அவர். தேனலை இசைக்குழு அவருடையது. அந்தக் குழுவின் பேஸ்காரன் ஷார்ஜாவுக்குப் போய்விட்டான், இடம் காலி, எபனேசர் இங்கே நிற்பதே அந்தக் காலி இடத்துக்காகத்தான். நேற்றுச் சாயங்காலம் அவர் மேடையில் பேசினார், வருஷா வருஷம் பேசுவாராம். "எம்பத்தி நாலு, ஹாஸ்டல். கடையில சொல்லி இந்தப் பாட்டக் கேசட்டுல பதிஞ்சு வாங்கிட்டு வரேன். மொத நாளே என் ரூம்மேட்டு கடங்காரன் டேப் ரெக்கார்டர்ல போட்டுச் சிக்க வெச்சுட்டான். கொடல உருவுன மாதிரி வெளிய கெடக்கு. அழுதுக்கிட்டே பென்சில உள்ள விட்டுச் சுத்துனேன், நகத்தால நீவி நீவிச் சுத்துனேன். அந்தக் கேசட்டத்தான் ரெண்டாயிரத்து ஆறுல கம்ப்யூட்டர்ல ஏத்துனேன். இன்னைக்கு ஒலகம் பூரா கேக்குறது என் கேசட்டு!" நானூறு பேரும் எழுந்து நின்று தட்டினார்கள். எபனேசர் தட்டவில்லை. அவன் சித்தப்பா கேசட் கடை வைத்திருந்தவர், டேப்பின் ஓரம் மடங்கினால் முதலில் போவது இடது பக்கத்துச் சத்தம்தான் என்று அவனுக்கு எட்டு வயசிலேயே தெரியும். அந்தப் பாட்டில் பேஸும் டிரம்ஸும் இருப்பது இடது பக்கம். வயலின் வலது பக்கம். நகத்தால் நீவி நீவி. மதுரவாணன் மௌனம் என்பது கதிரேசன் அண்ணாச்சியின் நகம். சிரிப்பு வந்தது, உடனே அவரைப் பார்த்தான், அவர் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார், சிரிப்பு போய்விட்டது. அப்புறம் சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளைத் தள்ளிவிட்டு ஒத்திகை நடந்தது. முடிந்ததும் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, எல்லாம் பிரமாதம். எம் பேஸ்காரன் பத்து வருஷம் வாசிச்சும் இப்படி வரல. ஆனா அந்த எடத்துல நீ சும்மா நிறுத்துற." "நிறுத்தத்தானே சொன்னீங்க அண்ணாச்சி?" "நிறுத்துறது வேற, கைய எடுக்குறது வேறடா. தந்தியத் தொடவே கூடாது. ரெண்டு பீட்டு, கைய எடுத்து மேல தூக்கிரு. நாங்க கீழ தூக்குறோம், நீ மேல தூக்கு. பாக்குறவனுக்கு உயிர் போகணும். அத மட்டும் செஞ்சிரு, வெள்ளிக்கெழம புதுக்கோட்டையில கல்யாணம், வண்டில ஏறிக்க. தை மாசம் வரைக்கும் கச்சேரி இருக்கு." அவன் "சரி அண்ணாச்சி" என்றான். சொன்னான்தான். இல்லை என்று இப்போது சொல்ல முடியாது.

பல்லவி ரெண்டாவது தடவை. இன்னும் நாலு சுற்று. நீ சரிதானா, அதை முதலில் சொல்லு. இந்தக் கேள்வி வந்ததும் பிசிக்ஸ் சார் வந்துவிட்டார், வராமல் இருப்பாரா, அவர் எப்போதும் இந்த மாதிரி நேரத்தில்தான் வருவார், நெற்றியில் சாக்பீஸ் தூளோடு. பதினொண்ணாம் வகுப்பு, செய்முறைத் தேர்வு, கம்பியின் தடிமனை அளக்க வேண்டும். இவன் ஒரு அளவு எழுதினான், சார் அதைத் தப்பென்று சிவப்பு மையில் அடித்துவிட்டார். "நீங்க தப்பா அடிச்சிருக்கீங்க சார்" என்று நாற்பது பேர் முன்னால் சொன்னான். சார் பொறுமையாகத்தான் பேசினார். இவன் கத்தினான். பேப்பரைக் கசக்கி மேசையில் வைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு, கேட்டைத் தாண்டி நடந்து வந்துவிட்டான். இசைக்காகப் பள்ளிக்கூடத்தை விட்டான் என்று சர்ச்சில் எல்லாரும் சொல்கிறார்கள், கொயர் மாஸ்டர் அதை ஒரு பிரசங்கம் மாதிரியே சொல்வார். மயிரு. அன்றைக்குச் சாயங்காலம் புத்தகத்தை எடுத்துப் பார்த்தான். சார் சரி. இவன் கருவியில் ஒரு கோடு தள்ளி எண்ணியிருந்தான். திரும்பிப் போய் "நான்தான் சார் தப்பு" என்று சொல்ல மூணே வார்த்தைதான் ஆகும், வாய் வரவில்லை, ஒரு வாரம் வரவில்லை, அப்புறம் பெயரை எடுத்துவிட்டார்கள். இது யாருக்கும் தெரியாது. அம்மாவுக்குப் பாதி தெரியும் என்று நினைக்கிறான், ஏனென்றால் நேற்று முன்தினம் பஸ் ஏற்றிவிடும்போது ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, "ஏலே, வாசி, சாப்பிடு, வந்துரு. வாயத் தொறந்துராத. ஒன் வாய்தாம்ல ஒன்னய வீட்ல ஒக்கார வச்சிருக்கு" என்றாள். பிளவுஸ் தைக்கிற நூல் அவள் சேலையில் ஒட்டியிருந்தது, பச்சை நூல், பஸ் கிளம்பிவிட்டது, எடுத்துவிட முடியவில்லை. சரி, அன்றைக்கு ஒரு தடவைதான் எண்ணினான். நேற்று மூணு தடவை கேட்டான், காதை ஒட்டிக் கேட்டான். அன்றைக்குத் தன் வாய் ஜெயிக்க வேண்டும் என்று இருந்தது. இன்றைக்கு அப்படி இருக்கிறதா? கொஞ்சம் இருக்கிறது. பொய் சொல்லக் கூடாது, கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அதற்காக மட்டும் என்றால் மைக்கை வாங்கிச் சொல்லியிருக்கலாம், கதிரேசன் அண்ணாச்சியின் நகத்தையும் பென்சிலையும் சொல்லி மண்டபத்தையே நாறடித்திருக்கலாம். அவனுக்கு அது வேண்டியிருக்கவில்லை. ராத்திரி பூரா பாயில் படுத்துக்கொண்டு அவன் நினைத்தது அந்த ஆளைத்தான், பெயர் இல்லாத அந்த ஆள். காலையில் வந்து, தாளைப் பார்த்து, அந்த நாலு சுரத்தை வாசித்துவிட்டு, அடுத்த பாட்டுக்கோ வீட்டுக்கோ போயிருப்பான். நன்றாக வாசித்தோம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். பேஸ்காரனுக்கு அது தெரியும், மற்ற யாருக்கும் தெரியாது, அதுதான் பேஸ். பதினேழு வருஷமாக நானூறு பேர் கண்ணை மூடி, போனை அணைத்து, கேட்கவென்றே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், கேட்க வேண்டியது அவர்களிடம் வந்து சேரவே இல்லை. இவ்வளவு நன்றாகக் கேட்கிறவர்களுக்கு. அந்த வழுக்கைத் தலைக்காரர் ஒரு படி இறங்கியதைப் பிடித்தார். நாலு படி இறங்கினால் என்ன ஆவார்.

வந்துவிட்டது. டாக்டர் மைக்கைக் கீழே இறக்கிப் பின்னால் நகர்ந்தார். கீபோர்டில் வயலின் கூட்டம் கிளம்பியது, எபனேசர் கீழே ஓட ஆரம்பித்தான், ஒண்ணு, விரல் சூடாக இருந்தது, சத்தம் காலடிப் பலகை வழியாக முழங்காலுக்கு ஏறியது, ரெண்டு, என்ன வாசிப்புடா இது, யார் இல்லையென்றாலும் இது நிஜம், மூணு, வெள்ளிக்கிழமை புதுக்கோட்டை, வண்டியில் ஜன்னலோர இடம் கேட்டு வாங்கியிருக்கலாம், நாலு, வேறு குழு இல்லையா, இருக்கும், மதுரையில் இருக்கும், நாகர்கோவிலில் இருக்கும், இப்படி வாசிக்கிறவனை எவன் விடுவான், அஞ்சு, அண்ணாச்சி மன்னிக்க மாட்டார், மன்னிக்கவே வேண்டாம், ஒரு தடவை கேட்டால் போதும், அந்தக் காதுக்குத் தப்பாது, கேட்டதும் அவருக்கே பென்சில் ஞாபகம் வரலாம், வராமலும் போகலாம், ஆறு, மௌனிகா பொறுக்க முடியாமல் இப்போதே கையைத் தூக்கிவிட்டாள், அவள் அப்பா "இருடி, இன்னும் வரல" என்று உதட்டை மட்டும் அசைத்து அந்தக் கையைப் பிடித்து இறக்கினார், நல்ல பெயர்தான், எதனால் வைத்தார்களோ வைத்தார்கள், பெயர் பெயராகத்தான் இருக்கும், ஏழு, அக்கா சொல்லாதே என்றார், சொல்லவில்லை, அம்மா வாயைத் திறக்காதே என்றாள், பல்லைக் கடித்துத்தான் வைத்திருக்கிறான், கடைசி வரிசையைப் பார்க்கவில்லை, பார்த்தால் எண்ணிக்கை தப்பிவிடும், எட்டு. முன் வரிசை நடுவில் கதிரேசன் அண்ணாச்சியின் வலது கை எழுந்தது, அவர் கண்ணை மூடிக்கொண்டார், பின்னாலேயே மண்டபம் முழுக்கக் கைகள் எழுந்து வந்தன, டிரம்ஸ்காரர் இரண்டு குச்சியையும் அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு இவனைப் பார்த்தார், மேலே வயலின் மட்டும் நின்றது, நானூறு பேரும் மூச்சை விடாமல் அந்த ஒன்றுமில்லாததற்காகக் காத்திருந்தார்கள், இப்போது தந்தியைத் தொடவே கூடாது, கையை எடுத்து மேலே தூக்கிவிட வேண்டும். எபனேசர் கையை எடுக்கவில்லை.